பின்சக்கரத்துக்கு அரைப்பேர்

ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, டயரை மாற்றி, திரும்பப் பூட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதற்கு என்ன கூலி கேட்கலாம்? நம் வயதுக்காரர்கள் யாரும் இந்தக் கேள்விக்காகத் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு சீசன் முழுக்க அதுதான் பேச்சு. அடுப்பு மூட்டும்போதும் அதுதான், சண்டை பிடிக்கும்போதும் அதுதான். இப்போது முழங்கால் இரண்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லுகிற வயதில், வெயில் கண்ட நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை, இதுதான் வந்து நிற்கிறது. எனக்கே அலுத்துவிட்டது. யாரிடமாவது சொல்லி இறக்கி வைத்தால் தேவலை போலிருக்கிறது. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

அப்பா தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் விடிய முன்பே வரிசையில் நின்றோம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வயிறு வீங்கியது. அந்தச் சமயத்தில் லொறி பழுதாகி, தொழிற்சாலைக்குப் பின்னால் புல் முளைத்து நின்றுவிட்டது. லொறி இல்லாத கிளீனரை மலைக்குப் போய் முள்ளு குத்த, அதாவது தேயிலைக்கு அடியில் மண் கிளறச் சொன்னார்கள். அப்பா இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் போகவில்லை. கொட்டகலை பஜார் முடிகிற இடத்தில், மெயின் ரோட்டு ஓரமாக, பலகையும் தகரமும் வைத்து ஒரு கடை போட்டார். கடை என்றால் அதற்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறை, அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா கொழுந்து பறிக்கிறவரை எங்களை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

அக்கா அப்போது பெரிய சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. மேலே படிக்க வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். தங்க இடம், சாப்பாடு, சப்பாத்து, வெள்ளை உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அக்காவுக்குக் கணக்கு டீச்சர் ஆக வேண்டுமென்று ஆசை. எனக்குப் பத்து வயதுதான், ஆனாலும் அவள் டீச்சராகிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் அப்போதே டீச்சரைப் போலத்தான் என் தலையில் குட்டுவாள்.

சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற சீசன் தொடங்கிய அன்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தாங்க, இந்தச் சீசன் முடியிறதுக்குள்ள கடையில நாலு காசு நிக்கணும். நிக்கலன்னா மூத்தவள பேர் பதிஞ்சிர வேண்டியதுதான். வீட்டுல வச்சி என்னா செய்யறது?"

பேர் பதிவது என்றால் தோட்டத்து வேலையாளாகப் பெயர் கொடுப்பது. ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான். அப்பா குனிந்து கையில் ஒட்டிய கிரீசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா விளக்கடியில் என் பள்ளிக்கூடக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளும் தலையைத் தூக்கவில்லை.

சீசன் என்றால் எங்கள் ரோட்டுக்கு உயிர் வரும். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களும் வேன்களும் வரிசையாகப் போகும். வெள்ளை உடுத்திய சனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். மோட்டார் சைக்கிளில் புருசன் முன்னால், பெண்சாதி பின்னால், நடுவில் ஒரு பிள்ளை, அதன் மடியில் ஒரு பொட்டலம். அன்றைக்குப் புது டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. தேய்ந்து நூல் தெரிகிற டயரோடு மேடு ஏறி வந்து, எங்கள் கடைக்கு முன்னால் 'புஸ்' என்று உட்காருவார்கள். தொழில் ஓட வேண்டிய சீசன் அது. தொழில் ஓடவும் செய்தது. காசுதான் வரவில்லை.

அதற்குக் காரணம் அப்பாவின் கணக்கு. தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை பெயரைப் போட்டு, கொடுத்த வேலையை முடித்தால் ஒரு பேர். எடை குறைந்தாலோ, பாதியில் வந்தாலோ அரைப்பேர். அப்பா பிறந்ததிலிருந்து கூலி என்றால் இது ஒன்றைத்தான் கண்டிருக்கிறார். அதையே கடைக்கும் கொண்டு வந்துவிட்டார். நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். அப்படியானால் ஒரு சக்கரத்துக்கு நாளில் எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் கூலி. முன்சக்கரம் சீக்கிரம் முடியும், அதற்குக் குறைச்சல். பின்சக்கரத்துக்குச் சங்கிலி கழற்ற வேண்டும், பிரேக் கம்பி கழற்ற வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூட. இதில் வேடிக்கை என்னவென்றால், கை பழகப் பழக அப்பாவுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. வேலை சீக்கிரம் முடிய முடியக் கூலியும் இறங்கிக்கொண்டே வந்தது.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. அம்மா எங்கள் மலையில் வேகமான கை. சொன்ன எடைக்கு மேலே பறிக்கிற கொழுந்துக்கு இறாத்தலுக்கு இவ்வளவு என்று தனியாகக் கிடைக்கும். அதைக் கைக்காசு என்போம். மாதக் கடைசியில் எங்களுக்குச் சீனி வாங்கித் தந்தது அந்தக் கைக்காசுதான்.

"நான் வெரசா பறிச்சா எனக்குக் கைக்காசு குடுக்குறான். நீங்க வெரசா செஞ்சா மட்டும் ஏங்க கொறச்சி வாங்குறீங்க?"

"அதுக்கு எடை இருக்கு புள்ள. தராசுல போட்டா முள்ளு காட்டுது. எனக்கு எந்தத் தராசு? கால் நாளுகூட ஆகாத வேலைக்கு அரை நாள் கூலி கேட்டா அது களவு இல்லையா?"

"ஒங்க கைக்குத்தான கூலி. நேரத்துக்கா கூலி?"

"நேரத்துக்குத்தான்."

இதோடு பேச்சு நின்றுவிடும். இன்றைக்கு யோசித்தால் அம்மா சொன்னதுதான் நியாயம் என்று படுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் நான் அப்பா பக்கம். அப்பா நேர்மையானவர், அம்மா காசுப்பேய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றைக் காயப்போட்டு எங்களுக்கு ஊட்டியவளை அப்படி நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

பள்ளிக்கூடம் விட்டால் நான் கடையில்தான் இருப்பேன். டியூப் ஒட்டுகிற சொலிசன் மணமும் நனைந்த ரப்பர் மணமும் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அப்பாவிடம் லொறி வில்லுப் பட்டையை அடித்துச் செய்த மூன்று நெம்புகோல்கள் இருந்தன. தோட்டத்துக் கொல்லர் செய்து கொடுத்தவை. முனையை அப்பாவே அரத்தால் ராவி, நகம் போல மழுக்கி வைத்திருந்தார், டியூப்பைக் கிள்ளிவிடக்கூடாது என்று. மரக்கைப்பிடி வைத்த ஒரு காற்றுப் பம்ப் இருந்தது. அதை அழுத்தும்போது கிழவன் இருமுவதுபோலச் சத்தம் வரும். பாதியாக வெட்டிய தார்ப் பீப்பாயில் தண்ணீர் இருக்கும். மார்கழியில் அதில் கை வைத்தால் எலும்பு வரை குடையும். அப்பா அதற்குள் முழங்கை வரை விட்டு, டியூப்பைச் சுற்றிச் சுற்றிக் காற்றுக் குமிழி தேடுவார். கையெல்லாம் வெடித்துப் பிளந்திருக்கும். பின்னால், தமிழர் கடைகளை உடைத்த கலவர வருசத்தில் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் லயத்துக்குள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது பம்பும் இல்லை, நெம்புகோலும் இல்லை. பீப்பாய் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

டயர் கழற்றுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டியைத் தாங்கலில் ஏற்றி, அச்சு நட்டை இளக்கி, சங்கிலியை நழுவவிட்டுச் சக்கரத்தை உருவுவார். காற்றை இறக்கி, குதிகாலால் ஓரத்தை மிதித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, நெம்புகோலை மூன்று இடத்தில் கொடுத்தால் டயர் தானாக வெளியே வரும். டயருக்குள் விரலை விட்டுத் தடவி ஆணியோ கல்லோ இருக்கிறதா என்று பார்ப்பார். பார்ப்பது என்றால் கண்ணைக் கூரை மேலே வைத்துக்கொண்டு விரலால் பார்ப்பது. பிறகு பவுடர் தூவி டியூப்பை உள்ளே வைத்து மூடுவார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சொன்ன சாயத்தண்ணி குடிக்கிற சூட்டுக்கு வருவதற்குள் சக்கரம் பூட்டியாகியிருக்கும்.

அதுதான் வினை. எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒரு நாள் வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி தயார். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார்.

"அட்டன் டவுன்ல காலைல விட்டா அந்திக்குத்தான் தருவான். நீ என்னப்பா, குடுத்த வாய் மூடுறதுக்குள்ள முடிச்சிட்ட? ஒழுங்கா பாத்தியா?"

"பாத்தேங்க ஐயா."

"கூலி எவ்வளவு?"

அப்பா சொன்னார். கிளாக்கர் ஐயாவின் முகம் இன்னும் சுருங்கியது. அட்டன்காரன் நாள் முழுக்க வைத்திருந்து வாங்குகிற கூலியில் இது கால்வாசிகூட இல்லை. ஏதோ ஒன்றை விட்டுவிட்டான், இல்லாவிட்டால் இவ்வளவு மலிவாகச் செய்வானா என்று அவருக்குச் சந்தேகம். காசைக் கொடுத்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை. அட்டனுக்குத்தான் போகிறார் என்று கேள்விப்பட்டோம். அவர் மட்டுமல்ல, நிறையப் பேர் அப்படித்தான். வழிப்போக்கர்கள் அவசரத்துக்கு நின்றார்கள். ஊர்க்காரர்கள் தாண்டிப் போனார்கள்.

தேத்தண்ணிக் கடை முதலாளிக்கு வாய் சும்மா இருக்காது.

"பாஸ், ஒங்க கைய கொஞ்ச நாளைக்குக் கட்டி வைங்க. வேலைய முடிங்க, முடிச்சிட்டு சக்கரத்த உள்ளுக்கு வச்சிருங்க. வந்தவன் என் கடையில ரெண்டு வடை தின்னட்டும். ஒங்களுக்கும் கூலி, எனக்கும் யாவாரம்."

கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் சிங்களவரும் நம்மவரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ் என்று கூப்பிட்டால் அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். ஆனாலும் இந்த யோசனையை அவர் சிரித்தே தள்ளிவிட்டார்.

மாசி முடிந்தது. சோதனை முடிவு வந்தது. அக்கா நன்றாகப் பாஸாகியிருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் அவளுக்குத்தான் புள்ளி கூட. அன்று இரவு வீட்டில் யாரும் சந்தோசமாக இல்லை. அம்மா தகரப் பேணியைத் தட்டி அதிலிருந்த சில்லறையைப் பாயில் கொட்டினாள். எண்ணவே தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது.

"சித்திரையில பேர் பதிய கேட்டிருக்கேன்" என்றாள் அம்மா. "கணக்கப்பிள்ளை சரின்னுட்டாரு."

அப்பா எழுந்து வெளியே போய் மழையில் நின்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அக்கா அம்மாவோடு விறகுக்குப் போயிருந்தாள். நான் கடையில். பனி இன்னும் ரோட்டை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் அக்காவின் கணக்கு வாத்தியார். ஒரு புது டயரை மாலைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ மாதம் அலைந்து பெர்மிட்டில் எடுத்த டயராம். பின்சக்கரத்துக்குப் போட வேண்டும் என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்பாவின் கை வழக்கம்போல ஓடிவிட்டது. சக்கரம் வெளியே வந்தது, பழைய டயர் போனது, புதிது ஏறியது. காற்றும் அடித்தாகிவிட்டது. பூட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அப்பா நின்றார். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பலகைத் தடுப்புக்குப் பின்னால் வந்தார். நான் அங்கேதான் சவர்க்காரப் பேணியோடு குந்தியிருந்தேன். அப்பா என்னைப் பார்க்காமல் காற்றை முழுக்க இறக்கினார். திரும்ப அடித்தார். பீப்பாய்த் தண்ணீரில் முக்கினார், துடைத்தார், திரும்ப முக்கினார். பம்ப் இருமிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முடிஞ்சிருச்சேப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். வேலை செய்து களைத்த முகத்தை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். வேலை செய்யாமல் அப்படிக் களைத்து அன்றுதான் பார்த்தேன்.

வாத்தியார் பெஞ்சில் இருந்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

"மூத்த மகள் நல்லா செஞ்சிருக்குது, பாஸ்."

"ஆமாங்க சேர். எல்லாம் ஒங்க புண்ணியம்."

"மேல படிக்க வைக்கிற யோசனை இருக்கா?"

"பாப்போங்க சேர்."

"வீட்டு நெலம எப்படி? கஸ்டம் ஏதும் இருந்தா சொல்லுங்க."

தடுப்புக்குப் பின்னால் அப்பாவின் கை நின்றது. முடிந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மனிதரிடம் அரைப்பேர் கேட்கப்போகிறவர், கஸ்டம் என்று எப்படிச் சொல்வார்? கையேந்துவதுபோல இருக்காதா? அப்பா குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னார்.

"எங்களுக்கு என்னங்க சேர் கொறச்சல்? தொழில் நல்லா ஓடுது."

வாத்தியார் "சரிங்க, சரிங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் அக்காவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு தேத்தண்ணி குடித்தார். பகல் ரயில் போன பிறகுதான் அப்பா சக்கரத்தைப் பூட்டினார். நட்டையே பார்த்துக்கொண்டு கூலியைச் சொன்னார்.

"அரைப்பேரு குடுங்க சேர்."

வாத்தியாரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அரைப்பேர் என்றால் எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று அந்திக்கு அப்பா ஒரு இறாத்தல் பாணும், ஒரு டின் மீனும் வாங்கி வந்தார். வாசலிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, வாயத் தொறந்து கேட்டேன். குடுத்துட்டாரு. ஒரு பேச்சு பேசல."

அம்மா சிரித்தாள். அக்கா மட்டும், "எங்க சேருகிட்டயாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. பிறகு அவளும் வந்து மீன் தின்றாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் கூலி கேட்க வாய் வந்துவிட்டது. சக்கரத்தை மறைத்து வைப்பதுகூட ஒன்றிரண்டு பேரோடு நின்றுபோனது. வேலையைக் கண் முன்னாலேயே முடித்துவிட்டு, "பின்சக்கரத்துக்கு அரைப்பேரு" என்று நிமிர்ந்து சொன்னார். கொடுத்தார்கள். கிளாக்கர் ஐயாகூடத் திரும்பி வந்தார். ஆனால் சீசன் முடிகிற நேரம் வந்துவிட்டது. சித்திரை மழையில் ரோடு வெறிச்சோடியது. பேணியில் விழுந்தது நுவரெலியாவுக்குப் போதவில்லை.

அக்காவைப் பேர் பதிந்தார்கள். அம்மாவின் பழைய கூடையைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை. முதல் நாள் எடை குறைந்து அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. அந்த மாதமே பக்கத்து டிவிசனிலிருந்து ஒரு பிள்ளை நுவரெலியாவுக்குப் படிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டோம். அவர்கள் எங்களைவிட இல்லாதப்பட்டவர்கள். எப்படிப் போனது என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

இரண்டு மூன்று வருசத்தில் வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. அப்பாவின் கடைக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்தப் பணத்தில்தான் நான் நுவரெலியாவுக்குப் போய்ப் படித்தேன். அந்தப் பணத்தில்தான் நான் டீச்சரானேன். அக்கா பறித்துக்கொண்டே இருந்தாள்.

வெகுகாலம் கழித்து, கொட்டகலையில் ஒரு கல்யாண வீட்டில் அந்த வாத்தியாரைக் கண்டேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. நானும் டீச்சர் என்றதும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பேச்சு அக்காவுக்குப் போனது.

"ஒங்க அக்காவ நெனச்சா எனக்கு இன்னும் ஒரு வருத்தம்மா. அந்த வருசம் நுவரெலியாவுல சிஸ்டர்மாருடைய விடுதியில, வசதியில்லாத வீட்டுப் புள்ளையா ஒரு ஆள சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க. எல்லாம் இலவசம். ஒங்க அக்காவத்தான் நெனச்சிருந்தேன். அப்பாகிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்னு டயர தூக்கிக்கிட்டு வந்தேன். பாத்தா, ஒரு சக்கரத்துக்கு அரைப்பேரு வாங்குறாரு. தொழில் நல்லா ஓடுதுன்னும் சொன்னாரு. வசதி இருக்குது, பொம்பளப் புள்ளைய அனுப்பத்தான் மனசு இல்லன்னு நெனச்சிட்டேன். வேற புள்ளைய சொல்லிட்டேன்."

நான் தட்டில் இருந்த இலட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் குற்றமில்லை. அப்பா மேலும் இல்லை. யாரையாவது திட்டினால் மனம் ஆறும் என்றால் திட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் அப்போது வேலையை விட்டு நின்று, அப்பாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கொழுந்துச் சாயம் ஏறிய விரல்கள் ஒரு கணம் நின்றன. அப்புறம் திரும்பப் புடைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிராத, என்னா?"

"சொல்ல மாட்டேன்."

"சொன்னீன்னா நான் ஒன்னோட பேச மாட்டேன்."

அப்பாவுக்கு வயதான பிறகு ஒரே ஒரு கதைதான் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் சொல்வார். தோட்டத்தான் ஒருத்தன், தன் கைக்கு ஒரு விலை உண்டென்று முதன்முதலாக வாய் திறந்து கேட்ட கதை. மகளுக்காகக் கேட்டேன், வாத்தியார் ஒரு பேச்சு பேசாமல் கொடுத்தார் என்று சொல்லும்போது கண் மினுங்கும். பாதியில் மறந்துபோய் நின்றுவிடுவார். அப்போதெல்லாம் அக்கா அடுப்படியை விட்டு வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பாள்.

"அப்பறம் சேரு, கூலி எவ்வளவுன்னு கேட்டாராப்பா?"

"கேட்டாரு."

"நீங்க எவ்வளவு சொன்னீங்க?"

"அரைப்பேரு" என்பார் அப்பா, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க" என்பாள் அக்கா.